எண்பத்திரண்டில் கயிறு

பந்து மேலே போனது.

பம்ப் ரூமில் நாலு பேர் டீ டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்கள். சுவரில் மாட்டிய சின்ன டி.வி.யில் பந்து கீழே இறங்க மனமில்லாததுபோல மிதந்து, பிறகு இறங்கியது. எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு வெளிநாட்டு ஃபீல்டர் நின்றுகொண்டிருந்தான். ஓடவில்லை. குதிக்கவில்லை. தபால்காரரிடம் கடிதம் வாங்குகிறவன்போல இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

"போச்சு," என்றார் கேன்டீன்காரர்.

சிக்ஸர் அவுட். நாட்டில் பாதிப் பேருக்கு அந்த ஆட்டக்காரனின் சொந்தப் பெயர் மறந்துபோய்விட்டது. உள்ளூர் லீக்கில் ஒரு சீசனுக்கு நாற்பது சிக்ஸர் அடிக்கிறவனுக்குச் சொந்தப் பெயர் எதற்கு? ஆனால் நாட்டின் எல்லை தாண்டிப் போனால் ஆளே மாறிவிடுவான். அவன் மட்டுமா, அணியே அப்படித்தான். இது தொடர்ந்து பதினான்காவது தோல்வி.

"தூக்கம் பத்தல. அங்க போனா இவனுங்களுக்கு நேரம் காலமே தெரியாம போயிடுது," என்றார் கேன்டீன்காரர்.

"தூக்கமாவது மண்ணாவது. ஷாம்பு விளம்பரத்துல தலைய ஆட்டிக்கிட்டு வந்தான் பாருங்க, அன்னைக்கே முடிஞ்சுது," என்றார் கேட் வாட்ச்மேன்.

"பேட் கனம் ஜாஸ்தி," என்றார் புல்வெட்டுகிறவர்.

"ஒம்பது வருஷமா அதே கனம்தானேய்யா."

"அதான் சொல்றேன். அவனுக்கு வயசாகுதுல்ல."

நாலாவது ஆள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பெயர் மோட்டார். மைதானத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரோடு ஒன்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறவன். அந்த இரைச்சலில் காது பாதி மந்தமாகிவிட்டது. யார் என்ன சொன்னாலும் அடுத்த வீட்டில் சொல்வதுபோலத்தான் கேட்கும். அதுவும் ஒரு சௌகரியம். திரையில் தலைகுனிந்து நடந்துபோகிற சிக்ஸர், அவனுடைய தங்கையின் புருஷன்.

"மோட்டாரு, ஒன் மாப்பிள்ளைக்கு என்னதான்யா ஆச்சு?"

"தெரியல," என்றான் மோட்டார். எழுந்துபோய் வால்வைத் திறந்தான்.

என்ன ஆச்சு என்று கண்டுபிடிக்க கிரிக்கெட் வாரியம் ஏற்கெனவே ஒரு கமிட்டி போட்டிருந்தது. போன மாதம் அது மைதானத்துக்கு வந்தது. ஐந்து பெரியவர்கள். பிட்ச்சைக் குனிந்து பார்த்தார்கள், வானத்தை நிமிர்ந்து பார்த்தார்கள், டீ குடித்தார்கள். வெளியே போகும்போது பேன்ட்டைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லைக் கயிற்றைப் பத்திரமாகத் தாண்டிப் போனார்கள்.

*

நாலு நாள் கழித்து மாப்பிள்ளை ஊர் திரும்பினான். மோட்டார் வேலை முடிந்ததும் தங்கை வீட்டுக்குப் போனான். மூன்றாவது மாடி. கதவைத் திறந்த தங்கை, வா என்றுகூடச் சொல்லாமல் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணா, நீயாவது கேளு. வந்ததுலேருந்து வாயத் திறக்கல. சாப்பிடறாரு, குளிக்கிறாரு, சுவத்தப் பாக்கறாரு. அந்தச் சுவத்துல அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பாத்துட்டேன். ஒரு பல்லி இருக்கு."

கூடத்தில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள். எல்லாம் உள்ளூர்க் கோப்பைகள். இடமில்லாமல் இரண்டு, ஃப்ரிட்ஜுக்கு மேலே தண்ணீர் பாட்டில்களோடு நின்றன. மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து மடியில் ஒரு காகிதத்தை வைத்திருந்தான்.

"வாங்க மச்சான்."

"எப்படி இருக்கீங்க மாப்பிள்ளை?"

"இருக்கேன்." காகிதத்தை நீட்டினான். "டீமோட கம்ப்யூட்டர்காரர் கொடுத்தாரு. நாலு நாட்டுல நான் அவுட்டான கணக்கு."

வட்டமாக ஒரு மைதானம் வரைந்திருந்தது. விளிம்பை ஒட்டி ஒன்பது சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மீட்டர் கணக்கில் ஓர் எண்.

"பதினோரு தடவ அவுட்டு. ஒம்பது தடவ எல்லைக் கோட்டுல கேட்ச்சு. ஒம்பதும் நல்லா மாட்டின பந்து மச்சான். பேட்டுக்கு நடுவுல. கைக்கே தெரியும். இங்கயா இருந்தா நான் பந்த திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். அடுத்த பந்துக்கு நிப்பேன்."

"எதிர்காத்து அடிச்சிருக்கும்."

"ஒம்பது தடவையுமா? நாலு நாட்டுலயும் எனக்காகக் காத்து காத்துக்கிட்டு நின்னுதா?" அவன் சிரிக்கவில்லை. "வியாழக்கிழமை நம்ம கிரவுண்டுல தேர்வு ஆட்டம். அதுல அடிச்சாத்தான் அடுத்த பயணம். இல்லேன்னா பேர வெட்டிடுவாங்க. முப்பத்தோரு வயசுக்கு மேல யாரும் திரும்பக் கூப்பிட மாட்டாங்க. அது பரவாயில்ல. ஏன்னு தெரியாமப் போறதுதான்..." வாக்கியத்தை முடிக்காமல் பல்லி இருந்த சுவரைப் பார்த்தான்.

மோட்டார் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். 70. 69. 71. 70. 73. 69. 72. 71. 70.

ஒன்றுகூட எழுபத்தைந்தைத் தொடவில்லை. ஒன்றுகூட அறுபத்தெட்டுக்குக் கீழே இறங்கவுமில்லை.

அறுபத்தெட்டு என்ற எண் தன் மண்டைக்குள் எங்கிருந்து வந்தது என்று அவனே திகைத்தான். மைதானத்து ஸ்கோர்போர்டுக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'எல்லை 75 மீட்டர்' என்றுதானே எழுதியிருக்கிறது. எழுபத்தைந்தில் ஏழு போனால் அறுபத்தெட்டு. சரி, ஏழு எங்கே போனது?

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காதுக்குள் மோட்டார் ஓடுவதுபோல இருந்தது.

காபியோடு வந்த தங்கை அலமாரிக் கதவில் சாய்ந்து நின்றாள். "கல்யாணம் ஆன சீசன்லதான் இவரு பேர் எடுத்தாரு. அதுக்கு முன்னாடி மூணு வருஷத்துல மொத்தமே அஞ்சு சிக்ஸர். நான் வந்த நேரம்னு எங்க மாமியார் ஊரெல்லாம் சொன்னாங்க. இப்ப என் ராசியும் தேஞ்சுபோச்சு போல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மோட்டார் காபி டம்ளரை அப்படியே கீழே வைத்தான்.

*

பம்ப் ரூமுக்குப் பின்னால் ஸ்டோர் ரூம். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து அதைத் திறந்தான். கிழிந்த வலைகள், உடைந்த ஸ்டம்புகள், காய்ந்த சுண்ணாம்பு மூட்டை. அவற்றுக்கு மேலே ஆணியில் அந்த டேப் தொங்கியது. வட்டமான கூட்டுக்குள் சுருட்டிய நூறு மீட்டர் நாடா.

கையில் எடுத்தான். முனையில் பித்தளை வளையம். வளையத்தை நாடாவோடு சேர்த்து செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. மோட்டாருக்குக் காயில் சுருள் சுற்றும் கம்பி. மூன்று சுற்று, ஒரு முறுக்கு. தன் கை முடிச்சு தனக்குத் தெரியாதா?

வளையத்திலிருந்து ஒரு சாண் தூரம் நாடாவை இழுத்தான். வளையத்தை ஒட்டிப் பூஜ்யம் இருக்க வேண்டும். அங்கே வேறோர் எண் இருந்தது. 7.

நடந்தது இவ்வளவுதான். அப்போது அவன்தான் கயிறு போடுகிறவன். புல்வெட்டும் மெஷினை ஓட்டும்போது தரையில் கிடந்த டேப்பைக் கவனிக்கவில்லை. மெஷின் முதல் ஏழு மீட்டரையும் அவல் பதத்தில் துப்பிவிட்டது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வளையத்தைப் பொறுக்கி, மீதி நாடாவின் முனையில் கட்டிவிட்டான். புது டேப் வேண்டும் என்று ஆபீசில் மனு எழுதிக்கொடுத்தான். அது வரும்வரை ஏழைக் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். எழுபத்தைந்து மீட்டருக்குக் கயிறு போட வேண்டுமானால், டேப்பில் எண்பத்திரண்டில் நிறுத்த வேண்டும். அந்த சீசன் முழுக்க எண்பத்திரண்டில்தான் நிறுத்தினான். ஒரு தப்பும் இல்லை.

பிறகு தங்கை கல்யாணம் வந்தது. பத்து நாள் லீவு போட்டான். திரும்பி வந்து பார்த்தால், பழைய பம்ப் ஆப்பரேட்டர் வேலையை விட்டிருந்தார், காயில் சுற்றத் தெரிந்தவன் என்று இவனைப் பம்ப் ரூமில் போட்டிருந்தார்கள், கயிறு போடும் வேலை கான்ட்ராக்டர் ஆட்களுக்குப் போயிருந்தது. டேப்பும் அவர்களிடம். சொல்லிவிட வேண்டும் என்று முதல் வாரம் நினைத்தான். கேட்டால் சொல்லலாம் என்று இரண்டாம் வாரம் நினைத்தான். யாரும் கேட்கவில்லை. அந்த மைதானத்தில் கேட்காததைச் சொல்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. மூன்றாம் வாரம் பம்ப் மோட்டார் எரிந்துபோய், எல்லாம் மறந்துபோனது.

அந்த சீசனில் மாப்பிள்ளை முப்பத்தோரு சிக்ஸர் அடித்தான். பெண்டாட்டி வந்த நேரம் என்றார்கள்.

வெளிநாட்டு அணி எதுவும் இந்த மைதானத்தில் வந்து ஆடுவதில்லை. விளக்குக் கம்பம் கிடையாது, டிரெஸ்ஸிங் ரூம் ஒழுகும். வந்திருந்தால் அவர்களுடைய அதிகாரிகள் தங்கள் டேப்பால் அளந்து அன்றைக்கே பிடித்திருப்பார்கள். ஆனால் நாட்டின் லீக் ஆட்டங்கள் முழுக்க இங்கேதான். பயிற்சியும் இங்கேதான், தேர்வும் இங்கேதான். ஒன்பது வருடமாக ஒரே இடத்தில் கயிறு கிடந்து, அதற்கடியில் புல் வெளுத்து, மைதானத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் தடம் விழுந்திருந்தது. கான்ட்ராக்டர் ஆட்கள் சீசனுக்கு ஒரு தடவை பேருக்கு அளந்து பார்ப்பார்கள். மற்ற நாளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தடத்தின்மேல் கயிற்றை வைத்துவிட்டுப் போவார்கள்.

மோட்டார் டேப் வளையத்தைப் பிட்ச் நடுவில் குச்சியால் குத்திவிட்டு, நாடாவை இழுத்துக்கொண்டு வெள்ளைத் தடம்வரை நடந்தான். குனிந்து பார்த்தான். எழுபத்தைந்து. சுத்தமாக எழுபத்தைந்து. நிஜத்தில் அறுபத்தெட்டு.

பயம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்றான். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மரத்துப்போன காலில் எறும்பு ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. நாடாவைச் சுருட்டினான்.

*

புதன்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் பம்ப் ரூமில் எட்டிப் பார்த்தார். எதையும் நேரடியாகச் சொல்லாமல், எப்போதும் சட்டைப் பையில் எதையோ தேடிக்கொண்டே பேசுகிற மனிதர்.

"மோட்டாரு, கான்ட்ராக்டர் ஆளுங்க நாளைக்கு வரலையாம். கயிற நீயே போட்டுடு. பழைய வேலதானே."

"சரி சார்."

தப்பைச் சரிசெய்ய அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கயிற்றைச் சரியான இடத்தில் போடுவது. சரியான இடத்தில் போட்டுவிட்டால் மாப்பிள்ளை இரண்டு பந்தில் புரிந்துகொள்வான், இன்னும் ஓங்கி அடிப்பான், யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அப்படித்தான் நினைத்தான். மோட்டார் பழுதானால் பாகத்தை மாற்றினால் ஓடும். அவனுக்குத் தெரிந்தது அது.

வியாழக்கிழமை விடிந்ததும் எண்பத்திரண்டில் நிறுத்தி நிறுத்திச் சுற்றிலும் கயிறு போட்டான். கயிறு பச்சைப் புல்லில் விழுந்தது. வெள்ளைத் தடம் உள்ளே தள்ளிக் கிடந்தது.

ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஏழு பேர் எல்லையில் கேட்ச் கொடுத்து அவுட்டானார்கள். தேர்வாளர்கள் ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை இறங்கினான். நாலாவது பந்து வசமாக வந்தது. அடித்த சத்தம் மோட்டாரின் மந்தக் காதுக்கே கேட்டது. மாப்பிள்ளை பந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளவுஸை இறுக்கிக்கொண்டு அடுத்த பந்துக்கு நின்றான்.

பந்து வெள்ளைத் தடத்தைத் தாண்டி, கயிற்றுக்கு முன்னால் நின்றவன் கையில் விழுந்தது.

அம்பயர் விரலைத் தூக்கியதை மாப்பிள்ளை கவனிக்கவேயில்லை. எதிரில் இருந்தவன் வந்து தோளைத் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

மதியம் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். பன்னிரண்டு ரன். அதே மாதிரி அடி, அதே மாதிரி கேட்ச். தேர்வாளர் ஒருவர் காகிதத்தில் ஒரு கோடு கிழித்தார். பம்ப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்த மோட்டாருக்கு அந்தக் கோடு எந்தப் பெயரின்மேல் விழுந்தது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

சூப்பர்வைசர்தான் முதலில் வெள்ளைத் தடத்தைப் பார்த்தார். பார்த்தவர் நடையை எட்டிப் போட்டு டேப்பைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் பிடித்து அளந்தார்கள்.

"எண்பத்திரெண்டு," என்று கத்தினார் புல்வெட்டுகிறவர்.

தேர்வாளர்கள் எழுந்து நின்றார்கள். "எண்பத்திரெண்டா? உலகத்துல எவன்யா எண்பத்திரெண்டுல கயிறு போடுவான்?" என்றார் அவர்களில் மூத்தவர். "இது கிரிக்கெட் கிரவுண்டா, விமான தளமா?"

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகச் சரியாகக் கிடந்த கயிற்றைச் சுற்றி இருபது பேர் நின்று திட்டினார்கள்.

*

"கதவச் சாத்து," என்றார் சூப்பர்வைசர்.

ஆபீஸ் அறையில் மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. மோட்டார் டேப்பை மேஜைமேல் வைத்து, வளையத்திலிருந்து ஒரு சாண் இழுத்து, ஏழைக் காட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். கேட்காமலே சொன்னான். சொல்லி முடிக்க நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

சூப்பர்வைசர் முதல் தடவையாகப் பையில் தேடுவதை நிறுத்தினார். நாடாவின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இத வேற யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் இல்ல சார்."

"ஒம்பது வருஷ லீக்கு. ஒம்பது வருஷ ரெக்கார்டு. இத வச்சு எடுத்த டீமுங்க, இத வச்சு கொடுத்த கோப்பைங்க." அவர் குரல் தணிந்தது. "நம்ம நாட்டுல அடிச்ச பாதி சிக்ஸர் சிக்ஸரே இல்லேன்னு நான் எழுதிக் கொடுக்கவா? ஜனங்க என்னய மட்டும் கேப்பாங்கன்னு நினைக்கிறியா? மொத வீடு உன் மாப்பிள்ளை வீடுதான். போஸ்டர் ஒட்டின கையாலேயே கிழிப்பாங்க."

மோட்டார் நாடாவைத் திரும்பக் கூட்டுக்குள் சுருட்டினான்.

"சனிக்கிழமை மறுபடி ஆட்டம் வைக்கலாம்னு சொல்றாங்க. கயிறு தப்பா இருந்துதுன்னு எழுத்துல வந்தா இன்னிக்கு ஆட்டம் செல்லாது. உன் மாப்பிள்ளை பேர் மேல போட்ட கோடும் செல்லாது. பழைய இடத்துல கயிறப் போட்டா அவன் அடிக்க மாட்டானா? அடிப்பான். போவான்." ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "உனக்கு மூணு மாசம் சஸ்பெண்ட். அதுக்கு மேல போகாம நான் பாத்துக்கறேன். எழுதிட்டுப் போ. நாளைக்குக் காலைல வரைக்கும் யோசிச்சாலும் சரி."

யோசிக்க என்ன இருந்தது? மாப்பிள்ளை வீட்டுப் படிக்கட்டில் மூன்றாவது மாடிவரை ஏறி, கதவைத் தட்டாமல், மாப்பிள்ளையைப் போனில் வெளியே கூப்பிட்டான். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். உள்ளே குக்கர் சத்தம். மோட்டார் இரண்டாவது தடவையாக எல்லாவற்றையும் சொன்னான். இந்தத் தடவை மூன்று நிமிஷம்.

மாப்பிள்ளை கோபப்படுவான் என்று எதிர்பார்த்தான். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தான். மாப்பிள்ளை படியின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப என் கையில ஒண்ணும் கோளாறு இல்ல," என்றான் கடைசியில்.

"இல்ல மாப்பிள்ளை."

"கோளாறு இல்ல. பலமும் இல்ல." படியிலிருந்து கையை எடுத்தான். "ஒம்பது வருஷத்துல எத்தனை நிஜ சிக்ஸர் இருக்கும் மச்சான்? பாதி?"

"பாதிக்கு மேல இருக்கும்."

"சும்மா சொல்லாதீங்க."

"மூணுல ஒண்ணு."

மாப்பிள்ளை தலையாட்டினான். "நீங்க அத எழுதிக் கொடுத்துடுங்க. சனிக்கிழமை பழைய இடத்துலயே போடட்டும். நான் போறேன். தெரிஞ்சு ஒரு தடவ போய்ப் பாக்கறேன்."

மறுநாள் மோட்டார் எழுதினான்: 'கவனக்குறைவால் எல்லைக் கயிற்றை ஏழு மீட்டர் தவறாகப் போட்டுவிட்டேன்.' கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் படித்துப் பார்த்தான். பெரிய பொய் என்று சொல்ல முடியாது. திசையும் வருஷமும்தான் தப்பு.

சனிக்கிழமை மாப்பிள்ளை ஆறு சிக்ஸர் அடித்தான். ஒவ்வொன்றையும் திரும்பி நின்று, விழுகிற இடம்வரை பார்த்தான். கூட்டம் அதைத் திமிர் என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டியது. கயிறு வெள்ளைத் தடத்தின்மேல் கிடந்தது.

*

வெளிநாட்டுப் பயணத்தின் முதல் ஆட்டத்தை மோட்டார் தங்கை வீட்டில் பார்த்தான். சஸ்பெண்ட் ஆனவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? தங்கை டி.வி.க்கு நேராக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் ஏதோ அடிபிடிக்கும் வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை வந்தான். முதல் பந்தைத் தரையோடு தள்ளி ஒரு ரன் ஓடினான். அடுத்ததையும் அப்படியே. தூக்கி அடிக்க வேண்டிய பந்து ஒன்று, கேட்டு வாங்கியதுபோல நேராக வந்தது. அதையும் தரையோடு தட்டினான். இரண்டு ரன்.

"ஏண்ணா அடிக்க மாட்டேங்கறாரு?"

"அடிக்கிறாருதானே."

"இது அடியா? சுண்டல் பொட்டலம் மடிக்கிற மாதிரி இருக்கு."

எதிர்முனையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். தூக்கினார்கள், எல்லையில் கொடுத்தார்கள், போனார்கள். கடைசிவரை நின்றவன் மாப்பிள்ளை ஒருவன்தான். அறுபத்துநாலு ரன், அவுட் இல்லை. வெளிநாட்டில் அவன் எடுத்த முதல் அரைசதம். ஒரு சிக்ஸர் இல்லை. அணி ஒன்பது ரன்னில் தோற்றது. பதினைந்தாவது தோல்வி. ஒன்பது ரன்னில் என்பது மோட்டாருக்கு ரொம்ப நேரம் கண்ணில் நின்றது. இதற்கு முந்தைய பதினான்கும் நூறு, நூற்றைம்பது என்று தோற்றவை.

நாடு அதைக் கவனிக்கவில்லை. ஒரு சிக்ஸர்கூட அடிக்கவில்லை என்பதைத்தான் கவனித்தது. அடுத்த ஆட்டத்தில் ஐம்பத்தொன்று எடுத்தான், அதிலும் இல்லை. சுயநலக்காரன் என்றார்கள். சொந்த ரன்னைச் சேர்த்துக்கொண்டு நாட்டைத் தோற்கடிக்கிறான் என்றார்கள். கேன்டீன்காரர் போன் போட்டு, "மோட்டாரு, தப்பா நினைக்காத. சிக்ஸர் அடிக்காத சிக்ஸரு எதுக்குய்யா? பூட்டில்லாத சாவி மாதிரி," என்றார். ஷாம்பு கம்பெனி விளம்பரத்தை நிறுத்தியது. மூன்றாவது ஆட்டத்துக்கு முன்னால் வாரியம் ஓர் அறிக்கை விட்டது. தாக்கி ஆடும் மனப்பான்மை குறைந்துவிட்ட காரணத்தால், என்று தொடங்கியது அது. மாப்பிள்ளைக்குப் பதிலாக லீக்கில் நாற்பத்தைந்து சிக்ஸர் அடித்த இருபது வயசுக்காரன் ஒருவனை அனுப்பினார்கள்.

அவன் இரண்டாவது பந்தில் எல்லையில் கேட்ச் கொடுத்தான். எழுபது மீட்டர்.

கமிட்டி அறிக்கையும் அதே வாரம் வெளியானது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். தூக்கம், உணவு, மன உறுதி, தேசப்பற்று என்று அத்தியாயம் அத்தியாயமாகக் காரணங்கள். மைதானம் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது: 'பராமரிப்பு திருப்தி.'

*

மூன்று மாதம் கழித்து மோட்டார் வேலைக்குத் திரும்பினான். ஆபீஸ் மேஜைமேல் ஓர் அட்டைப் பெட்டி இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவன் எழுதிய மனுவுக்குப் பதில். புது டேப். பிரித்துப் பார்த்தான். ஐம்பது மீட்டர்.

"ஐம்பத வச்சு எழுபத்தஞ்ச எப்படிய்யா அளக்கறது?" என்றார் சூப்பர்வைசர், பையில் எதையோ தேடிக்கொண்டே. "பத்திரமா உள்ள வை. கயிறு போடறவங்க பழசையே எடுத்துக்கட்டும்."

பிற்பகல் மாப்பிள்ளை வந்தான். கேட் வாட்ச்மேன் எழுந்து நிற்கவில்லை. வெயில் காலி மைதானத்தில் அப்படியே நின்றது. மாப்பிள்ளை பேட் எதுவும் கொண்டுவரவில்லை.

"டீமுல யாருகிட்டயாவது சொன்னீங்களா மாப்பிள்ளை?"

"கேப்டன்கிட்ட சொன்னேன். சிரிச்சான். அவுட்டாக ஆயிரம் காரணம் கேட்டிருக்கேன், டேப்பு இன்னிக்குத்தான் சேந்துதுன்னான்." மாப்பிள்ளை வெள்ளைத் தடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். கயிறு அதன்மேல் கிடந்தது. "நிஜக் கோடு எங்க மச்சான்?"

மோட்டார் வெளியே கை காட்டினான். மாப்பிள்ளை கயிற்றைத் தாண்டி, எண்ணிக்கொண்டே நடந்தான். ஒன்பதாவது எட்டில் மோட்டார் கையைத் தூக்க, நின்றான். காலடியில் பச்சைப் புல். ஒரு அடையாளமும் கிடையாது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

அங்கேயே உட்கார்ந்தான். மோட்டாரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. அதுவும் அடுத்த வீட்டில் யாரோ யாரிடமோ கேட்பதுபோலத்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. எடுத்தான். "ம். இங்கதான். மச்சான்கூட. வரேன்." வைத்துவிட்டு, புல்லில் ஒன்றைப் பிடுங்கினான்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா மச்சான்?"

"இல்ல."

"சொல்ல வேண்டாம் மச்சான். கோப்பையெல்லாம் தொடச்சு வச்சிருக்கா. ஃப்ரிட்ஜ் மேல இருந்த ரெண்டையும் அலமாரிக்குள்ள எப்படியோ நுழைச்சுட்டா." பிடுங்கிய புல்லைக் கீழே போட்டான். "அவ வந்த நேரம்னே இருக்கட்டும்."

"சரி மாப்பிள்ளை."

நாலு மணி. தண்ணீர் விடும் நேரம். மோட்டார் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு பம்ப் ரூமுக்கு நடந்தான். சுவிட்சைப் போட்டதும் இரைச்சல் தொடங்கியது. வால்வைத் திறந்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தான். வெள்ளைத் தடத்தின்மேலும் அதற்கு வெளியே உட்கார்ந்திருந்தவன்மேலும் தண்ணீர் ஒரே மாதிரி விழுந்தது. மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை.